இரண்டு மேஸ்திரிகள்

ஒரு வீட்டை இரண்டாகப் பிரிப்பது சுலபம். நடுவில் ஒரு சுவர் எழுப்பினால் முடிந்தது. அந்த வீட்டை நடத்துகிற மூளையை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் நீதிமன்றம் என்னைத் தொழில்நுட்ப ஆணையர் என்று பெயர் சூட்டி வடவள்ளிக்கு அனுப்பியது. நான் போகாமல் இருந்திருந்தால் வளர்மதி அக்கா இன்று உயிரோடு இருந்திருப்பார் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை முழுசாக நம்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் போன அன்று கொத்தனார் மாடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். மாடியில் ஒரு சொந்தத் திரையரங்கு. செத்துப்போன அப்பா பழனியப்பன் ஆசையாகக் கட்டியது. சுவர் அதன் குறுக்கே போனது. திரை அண்ணன் பூபதியின் பங்கில் வந்தது. பன்னிரண்டு சாய்வு நாற்காலிகளும் தம்பி ஜெகதீசனின் பங்கில் வந்தன.

"ஏங்க, இனி யாருமே படம் பார்க்க முடியாதே" என்றேன்.

"அவன் பார்க்காம இருந்தாப் போதுமுங்க" என்றார் பூபதி. டைல்ஸ் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தாறு வயது, வெள்ளைச் சட்டை கசங்காத ஆள். தம்பி நாலடி தூரத்தில்தான் நின்றார். அவரும் சும்மா இருக்கவில்லை. "அம்மணி, அவருகிட்டச் சொல்லுங்க, திரையைச் சுருட்டி வெச்சு அதையே கட்டிக்கிட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்றார். இரண்டு வருடமாக இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் யார் அகப்பட்டாலும் அவர்தான் தபால்காரர். அன்றைக்கு நான்.

பிரிக்கவேண்டிய மூளைக்கு மேஸ்திரி என்று பெயர். பழனியப்பன் கட்டட ஒப்பந்தக்காரர். வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்தால் அவன் மேஸ்திரிதானே என்று அப்படிப் பெயர் வைத்திருந்தார். விளக்கு, பூட்டு, தண்ணீர் மோட்டார், ஏசி, அறைக்கு அறை டிவி, பாட்டு எல்லாம் பதினைந்து வருடமாக மேஸ்திரி பொறுப்பில்தான். குரலும் பணிவான கோயமுத்தூர்க் குரல்.

இரண்டு பக்கத்து வக்கீல்களும் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாம்பல் நிறப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"இந்தப் பெட்டிதான் மேஸ்திரியா?" என்றார் பூபதி.

"இல்லைங்க. பெட்டி வெறும் கொட்டகை. இதுக்குள்ள ஒரு பொய்க் கணினியை ஓட்டறோம். மெய்நிகர் கணினின்னு பேரு. மேஸ்திரி அதுக்குள்ள இருக்காரு. தனக்குன்னு நிஜமா ஒரு கணினி இருக்குதுன்னுதான் அவருக்கு நெனப்பு. வெளியில இருந்து நாம அவரை அப்படியே நிறுத்தலாம். நின்ன நொடியைப் பதிஞ்சு வைக்கலாம். அந்தப் பதிவுல இருந்து இன்னொருத்தரை எழுப்பலாம். எழுந்திரிச்சவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆளுக்கொண்ணா ரெண்டு பெட்டியில ஓட்டிக்கலாம்" என்றேன்.

தம்பியின் முகம் மாறியது. பம்ப் உதிரிப்பாகம் விற்கிறவர், எதையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். "அப்படின்னா ஒண்ணு மூலம், ஒண்ணு நகல். அப்படித்தானுங்க?"

அந்த ஒரு வார்த்தையில் தீப்பிடித்தது. நிலம் நீச்சு உள்ள வீடுகளில் மூலப்பத்திரம் யார் பீரோவில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. நகல் வைத்திருப்பவன் காலமெல்லாம் கெஞ்சவேண்டும். இருவருக்கும் அது ரத்தத்தில் ஊறியிருந்தது. மூத்தவனுக்குத்தான் மூலம் என்றார் அண்ணன். கடைசிக் காலத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவனுக்குத்தான் மூலம் என்றார் தம்பி. கணினியில் மூலம், நகல் என்ற பேதமே கிடையாது, இரண்டும் அச்சு அசல் ஒன்று என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். மேஸ்திரியை நிறுத்தி, இரண்டு பிரதி எடுத்து, பழசை இரண்டு வக்கீல் முன்னாலும் அழித்துவிடுவது. இதற்குத் தலையாட்டினார்கள்.

"ஆனா ஒரு விஷயம். மேஸ்திரி பூட்டுக்கோ விளக்குக்கோ கட்டளை போடும்போது தன் கையெழுத்தும் ஒரு வரிசை நம்பரும் சேர்த்துத்தான் அனுப்புவாரு. ரெண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து இருந்தா சாமான்களுக்குக் குழப்பம் வரும். ஒருத்தருக்கு மட்டும் புதுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"யாருக்கு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"யாருக்கு வேணா."

"கையெழுத்து மாறுனா அது நகல்னு ஆகிப்போகுமுங்க" என்றார் ஜெகதீசன். இரண்டுக்குமே புதுசு போடுகிறேன் என்றேன். அப்பா போட்ட கையெழுத்தை யாரும் தொடக்கூடாது என்றார் பூபதி. மத்தியானம் மூன்று மணி வரை இந்தக் கூத்து நடந்தது. கரண்ட் இல்லை, வேர்த்து ஊற்றியது, எனக்குப் பசி. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாமான் அவருக்கு, இந்தப் பக்கத்துச் சாமான் இவருக்கு. மோதல் வந்தால் பொதுவில் விட்ட நாலைந்து சாமான்களில்தான் வரும், ஏதோ ஒரு பல்பு இரண்டு தடவை மினுக்கும், போய்த் தொலையட்டும் என்று கணக்குப் போட்டேன். 'இரு தரப்புச் சம்மதத்துடன் கையெழுத்து மாற்றப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அலுத்துவிட்டது. வேறு காரணம் சொன்னால் அது பொய்.

பொதுவில் விட்டவை: மாடிப்படி, ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மாடியில் ஒரு நீளத் தடம், தடத்தின் கோடியில் ஓர் அறை. அந்த அறையில்தான் வளர்மதி அக்கா இருந்தார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுப்பட்டவர். தாராபுரத்தில் வாக்கப்பட்டு, அது சரிப்படாமல் பன்னிரண்டு வருடம் முன்பு திரும்பி வந்தவர். ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ராத்திரி டியூட்டி. அப்பா போன பதினாறாம் நாள், "நீ எங்ககூடத்தானே இருக்கப்போற" என்று சொல்லி, சொத்தில் பங்கு வேண்டாம் என்கிற விடுதலைப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவருக்கு வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. யார் பங்கிலும் சேராமல், திரையரங்கின் பழைய புரொஜெக்டர் அறையில் கட்டில் போட்டுக்கொண்டார். சத்தம் புகாமல் பஞ்சு வைத்த சுவர், கனத்த கதவு, ஜன்னலே கிடையாது. தடத்திலிருந்து ஒரு மின்விசிறி காற்றை உள்ளே இழுத்துக் கொடுக்கும். கதவுக்கு மின்பூட்டு. உள்ளேயிருந்து பொத்தானை அமுக்கினாலும் அது மேஸ்திரி வழியாகத்தான் திறக்கும்.

நான் கிளம்பும்போது அக்கா என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"ஏங்கண்ணு, இந்தக் கதவு இனிமே யாரு சொன்னாத் தொறக்கும்?"

"ரெண்டு மேஸ்திரில யார் சொன்னாலும் திறக்கும்க்கா."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னா?"

படித்தவள் நான். கேள்வி கேட்டது அவர். "இந்த மின்பூட்டைக் கழட்டிட்டு உள்பக்கம் ஒரு சாதாக் கொண்டி வெச்சுடலாம்க்கா. கரண்டும் வேண்டாம், மேஸ்திரியும் வேண்டாம்" என்றேன்.

அடுத்த வாரமே ஆசாரியை அனுப்பினேன். மின்பூட்டையும் பொத்தானையும் கழற்றிவிட்டு, கதவில் துளை போட்டுக் கொண்டி மாட்டுவது அரைமணி நேர வேலை. துளைக்கருவியை எடுத்ததுமே இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்து தடுத்துவிட்டார்கள். வழக்கு முடியும்வரை பொது இடம் இருந்தபடியே இருக்கவேண்டுமாம். ஒரு கொண்டிக்கு இரண்டு வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்தது. போனில் கேட்டபோது பூபதியின் வக்கீல் விளக்கமே சொன்னார்: "பொது இடத்துல என் கட்சிக்காரர் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன் மேடம். தொட்டா, ஒரு உத்தரவு போட்டாக்கூட, அந்த அறையோட பொறுப்பு அவர் தலையில விழுந்துரும். அப்புறம் அந்தம்மாவைக் காலி பண்ண வைக்க முடியாது." தம்பியின் வக்கீலும் வரி பிசகாமல் அதையே சொன்னார். ஒரே கல்லூரியில் படித்தவர்களோ என்னவோ.

"பரவால்ல உடு கண்ணு. எனக்கு அந்த ரூமுலதான் தூக்கமே வருது" என்றார் அக்கா. எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் நானும் விட்டுவிட்டேன்.

பிறகு மூன்று மாதம் அந்த வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொன்னால் சண்டைக்கே மரியாதைக் குறைவு. மேஸ்திரி எஜமான் சொல்வதைக் கற்றுக்கொள்கிற ஜாதி. பதினைந்து வருடம் மரியாதை கற்றது, மூன்றே மாதத்தில் பங்காளிக் காய்ச்சலைக் கற்றுக்கொண்டது. விடியற்காலை அண்ணன் பக்கத்து மேஸ்திரி சுவரோடு ஒட்டிய ஸ்பீக்கரில் பக்திப் பாட்டை அலறவிடும். தம்பி பக்கத்து மேஸ்திரி உடனே குத்துப்பாட்டை அதற்கு மேல் ஏற்றும். ஒன்று மோட்டாரைப் போட்டால் மற்றது அணைக்கும். நடுவில், ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வரும் அக்கா. அறையிலிருந்த ஸ்பீக்கரை அவரே கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார்.

அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, பந்தி நடக்கும்போது, பொதுத் தடத்தின் புகை எச்சரிக்கை அலறியது. விருந்தாளிகள் எச்சில் கையோடு ரோட்டுக்கு ஓடினார்கள். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பியின் வேலை. பத்து நாள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வெளியூர் வியாபாரிகள் வந்தபோது அண்ணன் அதையே திருப்பிச் செய்தார். தீயணைப்பு வண்டி இரண்டாம் தடவையும் வெறுங்கையோடு திரும்பியது. அதன் பிறகு இருவருமே தங்கள் மேஸ்திரிக்கு ஓர் உத்தரவு போட்டார்கள்: பொதுத் தடத்தில் புகை என்றால் தீயணைப்புக்குப் போன் செய்யாதே, முதலில் என்னைக் கேள்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. தடத்து அலமாரியில் இருந்த சூரிய மின்சார பேட்டரி புகைய ஆரம்பித்தது. பொதுச் சாமான் என்பதால் இரண்டு வருடமாக ஒருத்தரும் அதற்குப் பராமரிப்பு பார்க்கவில்லை. விசிறி தன் கடமையைச் செய்தது. தடத்துக் காற்றை, புகையோடு, அறைக்குள் இழுத்துக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கரும்புகையைப் பார்த்துக் கூச்சல் போட்டு, தீயணைப்பு வீரர்கள் வந்து கதவை அறுத்தபோது பன்னிரண்டரை. அக்கா கதவோரம் கிடந்தார். பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாரோ தெரியாது.

'கூடப் பிறந்தவளைக் கொன்ற வீடு' என்று ஊரெல்லாம் பேச்சு. போலீஸ் கேட்டதற்கு பூபதி சொன்ன பதில் என்ன தெரியுமா? "என்னோடது வெறும் நகலுங்க. மூலம் அவன்கிட்டத்தான் இருக்குது. மூலம்தானே பொறுப்பு?" ஜெகதீசனும் அதையே சொன்னார், தன்னுடையதுதான் நகல் என்று. காது கூசியது எனக்கு.

ஆனால் அந்த நாட்களில் நான் அவர்களைவிட என்னைத்தான் அதிகம் வெறுத்தேன். ஒரே கையெழுத்து இருந்தால் குழப்பம் வரும் என்று தெரிந்தே விட்டவள் நான். விசாரணை அதிகாரி என்னிடமே வந்தார். "ரெண்டு மேஸ்திரியையும் கதவை அறுக்கப் போன நேரத்துலயே நிறுத்தி வெச்சிருக்கோம். என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

என் பட்டறையில், வெளி உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெட்டியில், முதலில் அண்ணன் பக்கத்து மேஸ்திரியை எழுப்பினேன். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரிக்கு நடுவில் மூன்று வாரம் போனது தெரியாது. அதற்கு இன்னும் அதே புதன்கிழமைதான்.

"மேஸ்திரி, என்ன நடக்குது?"

"பொதுத் தடத்துல புகைங்க அம்மணி. வளர்மதியம்மா உள்ளே இருக்கறாங்க. பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. கதவு தொறக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"புகையைப் பார்த்ததும் நான் தொறக்கச் சொன்ன அதே நொடியில, என் கையெழுத்துல, அதே வரிசை நம்பர்ல, இன்னொரு கட்டளையும் போயிருக்குதுங்க. ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா எவனோ பழைய கட்டளையைத் திருடி ஓட்டறான்னு பூட்டுக்கு நெனப்பு. இறுகிக்கிச்சுங்க. விசிறியும் அப்படியே அடம் புடிக்குது."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். அக்கா டீ டம்ளரோடு கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நான் செய்தது. என் அலுப்பு செய்தது.

"அவ்வளவுதானா? வேற வழியே இல்லையா?" என்றேன்.

"இருக்குதுங்களே. இறுகுன பூட்டை இளக்கறதுக்கு ஊட்டுக்காரர் வாயால 'தொற'ன்னு ஒரு சொல்லுச் சொன்னாப் போதுமுங்க. பெரியவரு அப்படித்தான் வெச்சிருக்காரு. ரெண்டு மகனுங்கள்ல யாரு சொன்னாலும் சரி. நான் உடனே கேட்டேனுங்க."

"யார்கிட்ட?"

"எங்க ஊட்டுக்காரருகிட்ட. பதிவு இருக்குதுங்க, போடட்டுங்களா?"

போட்டது. கடை இரைச்சல் நடுவே பூபதியின் குரல். மேஸ்திரி நிதானமாகச் சொல்கிறது: பொதுத் தடத்தில் புகை, அம்மா உள்ளே இருக்கிறார், நீங்கள் 'தொற' என்று சொல்லவேண்டும். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா அவன்?" என்கிறார் பூபதி. இந்த முறை நிஜமாகத் தெரிகிறது, சூடும் ஏறுகிறது என்கிறது மேஸ்திரி. பூபதி யாருக்கோ பில் போடச் சொல்கிறார். பிறகு: "பொது இடத்துல நான் எதுவும் சொல்லக்கூடாது. சொன்னா என் தலையில விழும். அவனைக் கேளு." மேஸ்திரி நாலு தடவை கேட்டிருக்கிறது. ஐந்தாம் தடவை அவர் போனை எடுக்கவில்லை.

அடுத்து தம்பி பக்கத்து மேஸ்திரியை எழுப்பினேன். அதே குரல், அதே பணிவு, அதே பதில்கள். ஊட்டுக்காரர் மட்டும் வேறு. ஜெகதீசன் அப்போது வீட்டில் தன் பங்குப் பக்கம், அந்தக் கதவிலிருந்து இருபதடி தூரத்தில், டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "வக்கீல் என்ன சொன்னாரு? பொதுன்னா நாம வாயே தொறக்கப்படாது. அவனைக் கேளு. கிரிக்கெட்டு நடக்குது, சத்தத்தைச் சித்தே ஏத்து." மேஸ்திரி சத்தத்தை ஏற்றிவிட்டு மறுபடியும் கேட்டது. மறுபடியும் அதே பதில்.

பதிவு முடிந்ததும் மேஸ்திரி என்னிடம் கேட்டது: "அம்மணி, அவங்க ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாச்சும் சொல்றீங்களா?"

என் சொல்லுக்கு அந்தப் பூட்டில் மதிப்பில்லை. அங்கே பூட்டே இல்லை, கதவே இல்லை. அது எனக்கும் தெரியும். இருந்தும் "தொற" என்றேன்.

"சொல்லிட்டேனுங்க. கதவு இன்னும் பதில் சொல்லல. பார்த்துக்கிட்டே இருக்கேனுங்க" என்றது. நான் அதை நிறுத்தினேன். அதிகாரி எழுந்து வெளியே போய்விட்டார். நான் மேஜையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன்.

நீதிமன்றத்தில் இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினேன். அண்ணன் பேசியதைத் தம்பி கேட்டார். தம்பி பேசியதை அண்ணன் கேட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நான் ஒரு முட்டாள்.

பத்தாம் நாள் எனக்கு ஒரு மனுவின் பிரதி வந்தது. இதுவரை வந்த எல்லாக் காகிதத்திலும் ஒருவர் வாதி, ஒருவர் பிரதிவாதி. இதில் முதலாம் மனுதாரர் பூபதி, இரண்டாம் மனுதாரர் ஜெகதீசன். வக்கீல் ஒரே ஆள். பாசமிகு சகோதரியை இழந்து வாடும் தங்களுக்கு அந்த இரண்டு இயந்திரங்களின் குரலும் மன உளைச்சல் தருவதால், இரண்டையும் பதிவுகளோடு நிரந்தரமாக அழிக்க உத்தரவிடவேண்டுமாம். சாவுக்கு முழுக் காரணம் கையெழுத்தை மாற்றாமல் விட்ட தொழில்நுட்ப ஆணையரின் கவனக்குறைவுதானாம். கீழே இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிரிவினை வழக்கையும் சமாதானமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறார்களாம்.

என் வக்கீல் சந்தோஷப்பட்டார். "கவலையே வேண்டாம் சம்யுக்தா. சம்மதத்தோடதான் செஞ்சேன்னு உங்க அறிக்கையிலயே இருக்கு. பதிவு பத்திரமா கோர்ட்டு வசம் இருக்கு. அவங்கதான் மாட்டுவாங்க. நீங்க சுத்தமா வெளியில வந்துடலாம்."

எதிர்மனுவை நானே எழுதினேன். பதிவுகளை அழிக்கக் கூடாது என்று முதல் பத்தியில் எழுதினேன். பிறகு, பொதுவில் விட்ட அறையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தே, குழப்பம் வரும் என்று தெரிந்தே, வெயிலும் பசியும் தாங்காமல் கையெழுத்தை மாற்றாமல் விட்டேன், கொண்டி வைக்கவேண்டும் என்று தெரிந்தும் இரண்டு நோட்டீசுக்குப் பயந்து பேசாமல் இருந்தேன் என்று எழுதினேன். வளர்மதியின் சாவுக்குக் காரணமானவர்கள் என்று வழக்குப் பதியவேண்டிய பெயர்களை வரிசையாகக் கொடுத்தேன். பூபதி. ஜெகதீசன். மூன்றாவதாக என் பெயர்.

படித்துவிட்டு வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படி எழுதினா நீங்களும் அவங்களோட உள்ளே போவீங்கம்மா" என்றார்.

"தெரியுங்க. நான் வெளியில நின்னா, 'அவளும்தான் தப்புப் பண்ணுனா, அவளை மட்டும் விட்டுட்டீங்க'ன்னு ரெண்டு பேரும் அதையே புடிச்சுத் தொங்கித் தப்பிச்சுருவாங்க" என்றேன். "நாளைக்கே தாக்கல் பண்ணிடுங்க."